இறுகிய தரிசில் ஸாய்க் குழி வெட்டிப் பயிரிடும் முறை

புர்கினா ஃபாசோவின் வடக்கிலுள்ள யாத்தெங்காவில், மேல்மண் ஓடுபோல் இறுகி, பெய்த மழையெல்லாம் வழிந்தோடிவிடும் தரிசுகளை யாக்கூபா சவாடோகோ முதலிய உழவர்கள் 1980களில் மழைநீரையும் எருவையும் தேக்கும் சிறு குழிகளில் விதைக்கும் பழைய ஸாய் முறையைச் சீர்படுத்தி மீட்டனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முதல் 800 மி.மீ. வரை மழை பெறும் இறுகிய நிலத்துக்கே இது பொருந்தும். மணலில் குழி தூர்ந்துவிடும். மழை மிகுந்தால் நீர் தேங்கி வேர் அழுகும்.

முதலில் ஓடும் நீரின் வேகத்தைத் தணிக்க வேண்டும். இரு கோல்களில் கட்டிய, நீர் நிரப்பிய, உள்ளிருக்கும் நீர் தெரியும் நெகிழ்குழாயின் இரு முனைகளிலும் நீர் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கும் புள்ளிகளைக் குறித்துக்கொண்டே சென்றால், சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோடு கிடைக்கும். அக்கோட்டில் ஒரு சாண் உயரத்துக்குக் கல்வரப்பு அடுக்கலாம். இடுக்குகளில் நீர் கசிந்து செல்ல, வண்டல் மேற்புறம் தங்கிவிடும். கோட்டைக் கண்மதிப்பில் போடக் கூடாது, ஏனெனில் தாழ்ந்த ஓரிடத்தில் நீர் திரண்டால் அங்கேயே உடைப்பெடுக்கும்.

குழிகளை மழைக்கு முன், கோடையிலேயே வெட்ட வேண்டும். வாய் 20 முதல் 40 செ.மீ., ஆழம் 10 முதல் 20 செ.மீ. இருக்கட்டும், அடுத்த வரிசைக் குழிகள் முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேராக அமைய, வெட்டிய மண்ணைக் கீழ்ச்சரிவில் பிறைபோல் குவிக்க வேண்டும். நடுவுக்கு நடு 80 செ.மீ. இடைவெளியில் ஹெக்டேருக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள் வரும். கடும் உழைப்புதான், ஆகவே ஒரே கோடையில் முழு நிலத்தையும் முடிக்க முனையாமல், சிறு துண்டில் தொடங்குவதே நல்லது.

குழிக்கு 300 கிராம் மக்கிய தொழு உரம் இட்டாலும் ஹெக்டேருக்கு நான்கரை டன்னுக்கு மேல் தேவைப்படுவதால், கால்நடையின்றி இம்முறை நிற்காது. எருவை நாடி வரும் கரையான்களைக் கொல்ல வேண்டாம். அவை துளைக்கும் வழிகளில்தான் நீர் உள்ளிறங்குகிறது. சொந்த மாடு போதாதவர்கள், அறுவடைக்குப் பின் ஃபுலானி மேய்ப்பர்களை அழைத்துக் கிடை போடச் செய்யலாம். தட்டை தீவனமாகும், சாணம் நிலத்துக்குச் சேரும். எந்தக் கிணற்றில் மந்தை நீர் அருந்தும், எந்தத் தடத்தில் வந்து போகும், விதைப்புக்கு முன் எப்போது வெளியேறும் என்பவற்றை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால், பயிர் மேய்ந்த வழக்கு உறுதியாக வரும்.

எருவோடு வந்த மரவிதைகளும் குழியில் முளைக்கும். அவற்றைக் காக்க, சோளத்தை அடியோடு அறுக்காமல் 50 முதல் 75 செ.மீ. உயரத்தில் தட்டையை விட்டு அறுக்க வேண்டும். அந்தக் கட்டைகளின் மறைவில் கன்றுகள் ஆட்டின் வாய்க்குத் தப்பும்.

இரவல் நிலமாயின், குழி வெட்டுவதற்கும் மரம் வளர்ப்பதற்கும் தனித்தனியே ஒப்புதல் பெற வேண்டும். மரம் வைப்பதை உரிமை கோருவதாகக் கருதும் வழக்கம் அப்பகுதியில் உண்டு. நிலம் தேறியபின் உடையவர் திரும்பக் கேட்பதும் நிகழ்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்பதை முதல் குழிக்கு முன்பே சாட்சிகளுடன் பேசிக்கொள்ள வேண்டும்.