கிர்க் கிப்ஸனின் 1988 ஹோம் ரன்னை எப்படிப் பார்க்க வேண்டும்

பேஸ்பால் பக்கம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறீர்கள் என்றால் இந்த கிளிப் எப்படியும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கிர்க் கிப்ஸன் என்ற ஆட்டக்காரர் நொண்டிக்கொண்டே ஓடுகிறார், முஷ்டியை மடக்கி இழுக்கிறார், ஸ்டேடியமே அலறுகிறது. அரை நிமிடம்தான். தயவுசெய்து அதோடு நிறுத்தாதீர்கள். அந்த ஹோம் ரன், அதாவது எல்லையைத் தாண்டிப் போன அந்த அடி, ஏன் இத்தனை வருடமாகப் பேசப்படுகிறது என்பது அதற்கு முந்தைய பந்துகளில்தான் இருக்கிறது.

முழு ஆட்டத்தின் வீடியோவைத் தேடி எடுங்கள். 1988 அக்டோபர் 15, வேர்ல்டு சீரீஸ் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) முதல் ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியம். நேரம் இல்லையென்றால் ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதிக்குப் போய்விடுங்கள். எதிரணி ஓக்லாந்து 4, கிப்ஸனின் அணி டாட்ஜர்ஸ் 3. பந்து வீசுவது ஓக்லாந்தின் டென்னிஸ் எக்கர்ஸ்லி, அந்த சீசனில் மட்டும் 45 ஆட்டங்களைக் கடைசியில் வந்து காப்பாற்றிக் கொடுத்தவர். விதிகளில் இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: 3 ஸ்ட்ரைக் (அடிக்கப் பார்த்துத் தவறவிட்டது, அல்லது அடிக்கக்கூடிய பந்தை விட்டுவிட்டது) ஆனால் அவுட், 4 பால் (பேட்டர் அடிக்காமல் விட்ட, எட்டாத இடத்தில் வந்த பந்து) ஆனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு, அதாவது சுற்றி ஓட வேண்டிய இடங்களில் முதலாவதற்குப் போகலாம், ஃபவுல் (பக்கக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) அடித்தால் முதல் இரண்டு ஸ்ட்ரைக் வரைதான் கணக்கில் சேரும்.

இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. டாட்ஜர்ஸின் மைக் டேவிஸ் ஆடும்போது, அடுத்து வரக் காத்திருப்பவர் யார் என்று பாருங்கள். டேவ் ஆண்டர்சன். டாட்ஜர்ஸ் பயிற்சியாளர் டாமி லசோர்டா வேண்டுமென்றே அவரை அங்கே நிறுத்தியிருந்தார். அடுத்து வருபவர் சுலபமான ஆள் என்று நினைத்தால் எக்கர்ஸ்லி டேவிஸுக்கு அடிக்கிற மாதிரி பந்து கொடுக்காமல் ஒதுக்கி வீசுவார் என்பது கணக்கு. அப்படியே நடந்தது, டேவிஸ் 4 பாலில் நடந்து போனார். அப்புறம்தான் உள்ளிருந்து கிப்ஸன் வருகிறார். இடது தொடைத் தசையில் காயம், வலது முழங்காலும் போய்விட்டது. அன்றைக்கு அவர் ஆடவே மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இங்கே பந்தை விட்டுவிட்டு அவர் கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு முறை மட்டையைச் சுற்றும்போதும் உடம்பு தடுமாறுகிறது. ஒரு பந்து மட்டையில் லேசாகப் பட்டு முதல் பேஸ் பக்கம் உருள்கிறது, அவர் ஓட ஆரம்பிக்கிறார், அதை ஓட்டம் என்று சொல்லவே மனசு வராது. நல்லவேளை, ஃபவுல். 0-2 (முதல் எண் பால், இரண்டாவது ஸ்ட்ரைக்) என்று அவுட்டின் விளிம்பில் நின்றவர் 3-2 வரை இழுத்துவிடுகிறார். மூன்றாவது பால் வந்தபோது டேவிஸ் இரண்டாவது பேஸைத் திருடிவிடுகிறார், அதாவது அடி விழாமலேயே ஓடிப் போய்ப் பிடித்துவிடுகிறார், இதைத் தவற விடாதீர்கள். இனி ஒரு சாதாரண அடி விழுந்தாலே ஆட்டம் சமன் ஆகிவிடும், பெரிதாக அடித்தே தீர வேண்டிய கட்டாயம் கிப்ஸனுக்கு இல்லை.

அடுத்து அவர் டைம் கேட்டு வெளியே நகர்கிறார். இந்த இடத்தை இரண்டு தரம் ஓட்டிப் பாருங்கள். டாட்ஜர்ஸ் அணிக்காக எதிரணிகளை வேவு பார்த்த மெல் டிடியர், இடது கை பேட்டருக்கு 3-2 என்று வந்தால் எக்கர்ஸ்லி ஸ்லைடர் என்கிற, பக்கவாட்டில் வளையும் பந்தைத்தான் போடுவார், அது வெளியே போகிற மாதிரி வந்து கடைசியில் உள்ளே திரும்பும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். கிப்ஸனுக்கு அது அப்போது ஞாபகம் வந்தது. வந்ததும் அதே பந்து. கால் ஒத்துழைக்காததால் கையை மட்டும் வைத்து அடித்தது வலது பக்கக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. டேவிஸும் கிப்ஸனும் சேர்ந்து இரண்டு ரன், 5-4.

இப்போது சத்தத்தைக் கூட்டி வையுங்கள். டிவியில் வர்ணனை வின் ஸ்கல்லி. பந்து போய்விட்டது என்று சொன்னவர் ஒரு நிமிடத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை, கூட்டத்தைப் பேச விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான், நம்ப முடியாத ஒரு வருடத்தில் நடக்கவே முடியாதது நடந்துவிட்டது என்கிறார். பந்து பறக்கும்போது ஸ்டேடியத்துக்கு வெளியே பாருங்கள், கார் நிறுத்தத்தில் பிரேக் விளக்குகள் சிவப்பாக எரியும். ஆட்டம் முடிந்தது என்று கிளம்பிவிட்டவர்கள்! எனக்கு அந்த ஓட்டத்தை விட இந்த விளக்குகள்தான் அதிகம் ஞாபகத்தில் நிற்கிறது.

அந்த சீரீஸில் கிப்ஸன் பேட் பிடித்தது அந்த ஒரே தரம்தான். டாட்ஜர்ஸ் 4-1 என்று கோப்பையை எடுத்தது.

இதெல்லாம் பார்த்து முடித்த பிறகு 2024 அக்டோபர் 25 வீடியோவைப் போடுங்கள். அதே ஸ்டேடியம், அந்த வருட வேர்ல்டு சீரீஸின் முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், கணுக்கால் காயத்தோடு டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் முதல் பந்தையே வலது பக்கம் ஹோம் ரன்னாகத் தூக்குகிறார். வர்ணனையாளர் ஜோ டேவிஸ் அப்போது கிப்ஸனைச் செல்லப் பெயரில் கூப்பிட்டு ஃப்ரெடியை அறிமுகம் செய்து வைப்பார். ஏன் என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.