ஒரு தலைமயிரின் தடிப்பை லேசரால் அளப்போம்

பள்ளிக்கூடத்தில் நுண்மானித் திருகுக் கணிச்சியால் தலைமயிரை அளந்தவர்களுக்குத் தெரியும்: ஒருமுறை 0.07 மில்லிமீற்றர் வரும், மறுமுறை 0.08. கருவியின் இழிவெண்ணிக்கையே, அதாவது அதால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவே, 0.01 தான். போதாக்குறைக்குத் திருகு மயிரை நெரித்தும் விடும். கடையில் வாங்கும் சிவப்பு லேசர் ரோச்சும் மூன்று மீற்றர் இடமும் இருந்தால் இதைவிட நன்றாக அளக்கலாம்.

லேசர் கதிரை மயிரில் விழுத்தினால், அதன் இரு ஓரங்களையும் தாண்டி வரும் ஒளி அலைகள் சுவரில் சில இடங்களில் கூடி ஒளிரும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்து இருளும். உயர்தரத்தில் தலையீடு, கோணல் என்று படித்தது இதைத்தான். பொருள் மெலிய மெலியக் கோடுகள் அகலும். அதனால் மெல்லிய மயிர்தான் அளக்கச் சுகம்!

முதலில் ஒரு காட்போட் மட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, குறுக்கே மயிரை இழுத்து இரு முனைகளையும் ஒட்டுங்கள். தொய்வு கூடாது. மட்டையை மயிர் நெட்டாக நிற்கும்படி மேசையில் நிறுத்துங்கள். கதிர் மயிரில் பட்டு, மூன்று மீற்றர் தள்ளியுள்ள சுவரில் விழும்படி லேசரை வையுங்கள். அதன் பொத்தானை அமத்திப் பிடிக்க உடுப்புக் காயப்போடும் கிளிப் போதும். கதிரை யாருடைய கண்ணிலும் பட விடாதீர்கள். மலிவு லேசர்களின் வலு சிலவேளை லேபிளில் போட்டிருப்பதைவிடக் கூட இருக்கும்.

அடுத்து, யன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்துங்கள். கிளிநொச்சியில் ஆடி மாதச் சோளகக் காற்றுக்குள் யன்னலைத் திறந்துவைத்துச் செய்து பார்த்தேன். மயிர் ஆட, சுவரில் கோடுகளும் ஆடின. வேர்க்கும்தான், பத்து நிமிடம் பொறுங்கள்.

இப்போது சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, இருண்ட இடங்களின் நடுவைப் பென்சிலால் குறியுங்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான். நடுவிலுள்ள வெளிச்சப் பட்டை மற்றவற்றைப் போல இரு மடங்கு அகலம். அதையே ஓர் இடைவெளியாக எடுத்ததால் விடை பாதியாக வந்தது. எனவே இடப்பக்க மூன்றாவது இருளிலிருந்து வலப்பக்க மூன்றாவது இருள் வரை அளந்து, ஆறால் வகுங்கள்.

எனக்கு 156 மில்லிமீற்றர் வந்தது. ஆறால் வகுக்க 26. சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நனோமீற்றர், அதாவது 0.00065 மில்லிமீற்றர். அதை மயிருக்கும் சுவருக்கும் இடையிலுள்ள 3000 மில்லிமீற்றரால் பெருக்கி 26 ஆல் வகுத்தால் 0.075. சுவரில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலும் விடையில் அரை மைக்ரோமீற்றர்தான் மாறும்.

ஆனால் லேபிளில் அலைநீளம் 630–680 நனோமீற்றர் என்று மட்டும் இருந்தால் அங்கேதான் பெரிய பிழை. பழைய சீடி ஒன்று கைகொடுக்கும். அதன் தடங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீற்றர். சீடியில் கதிரை நேராக விழுத்தினால், ஒரு மீற்றர் தள்ளியுள்ள சுவரில், பக்கவாட்டில் தெறிக்கும் முதற்புள்ளி நடுவிலிருந்து சுமார் 44½ சென்ரிமீற்றரில் விழ வேண்டும். விழுந்தால் 650 சரி.

விடையைச் சரிபார்க்கத் தூண்டில் தங்கூசி நல்லது, சுருளிலேயே தடிப்பு அச்சிட்டிருக்கும். 0.20 மில்லிமீற்றர் தங்கூசிக்குக் கோடுகள் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் இடைவெளியில் நெருங்கி நிற்கும்.

இதற்கு அடுத்த படி மைக்கல்சன் தலையீட்டுமானி: கதிரை இரண்டாகப் பிரித்து, இரு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பியதும் மீண்டும் சேர்த்துக் கோடுகளைக் காட்டும் கருவி. அதில் ஒரு கண்ணாடி 325 நனோமீற்றர் நகர்ந்தாலே ஒரு கோடு கடந்துவிடும். ஒழுங்கையால் உழவு இயந்திரம் போனாலும் கோடுகள் ஓடும் என்பதால், நான் அதை இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் எடுத்து வைப்பேன்.