களிமண் தலை சரிவது ஏன்? சிற்பம் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிற்பக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் களிமண்ணில் முதல் தலையை வனையத் தொடங்கும்போதெல்லாம், நான் செய்த பழைய பிழைகளையே மீண்டும் பார்க்கிறேன். மண்ணை ஈரத்துணியால் மூட மறப்பது, கருவிகளைக் கழுவாமல் போடுவது போன்றவை ஒரே வாரத்தில் தாமாகத் திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

உள்கூட்டை அவசரத்தில் கட்டுவது

மண்ணுக்குள் நின்று அதைத் தாங்கும் சட்டகமே உள்கூடு; இயல்பளவிலான ஒரு தலைக்கும் கழுத்துக்கும் அது 10 கிலோவுக்கு மேல் ஈரமண்ணைத் தாங்க வேண்டும். நான் அந்தக் காலத்தில் பலகையில் ஒரு குழாயை நட்டு, அதன்மேல் நேராக மண்ணை அப்பினேன். மூன்று வாரம் உழைத்து, இமைகளைக்கூட முடித்துவிட்டுச் சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை துணியை விலக்கியபோது முகவாய் நெஞ்சுவரை இறங்கியிருந்தது. உச்சந்தலையில் குழாய் துருத்திக்கொண்டு நின்றது. வழுவழுப்பான குழாயில் மண்ணுக்குப் பிடிமானமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

குழாயின் உச்சியில் அலுமினியக் கம்பியை இரண்டு முட்டை வடிவ வளையங்களாக வளைத்து, ஒன்றையொன்று குறுக்காக வெட்டும்படி இறுகக் கட்டுங்கள். அவற்றுக்குள் சிறு மரக்குச்சிகளைச் சிலுவை போல் பிணைத்து மெல்லிய கம்பியில் தொங்கவிட்டால், மண் அவற்றைப் பற்றிக்கொண்டு கீழிறங்காமல் நிற்கும். இரும்புக் கம்பி ஈரத்தில் துருப்பிடிக்கும்.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதன் இன்னொரு முகம். தலையின் சாய்வைக் கம்பியிலேயே தீர்மானிக்காமல் மண்ணை ஏற்றிவிடுகிறார்கள். பாதி வேலையில் கன்னத்தில் கம்பி தட்டுப்படுகிறது. உடனே கம்பியை வளைப்பதற்குப் பதிலாகக் கன்னத்தைத் தடிமனாக்கி அதை மறைக்கிறார்கள். அதற்கு ஈடாக மறுகன்னமும் மூக்கும் பெருக்க, எதிரே அமர்ந்திருக்கும் மனிதருக்குத் தொடர்பில்லாத ஒரு முகம் உருவாகிறது. கம்பி எந்த இடத்திலும் மேற்பரப்புக்கு 2 சென்டிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும். அதை மண் தொடும் முன்பே அளந்துவிட வேண்டும்.

கண்ணிலிருந்து தொடங்குவது

மண்டையோட்டின் திரட்சி அமையும்வரை கண் வேண்டாம்.

முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது

பிரெஞ்சுச் சிற்பி ரோடின், மாதிரியாக அமர்ந்திருப்பவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு கோணத்தின் புறக்கோட்டையும் மண்ணோடு ஒப்பிட்டு வேலை செய்தார். சுழல்மேடையை அடிக்கடி திருப்புங்கள். மாதிரியாக அமர்ந்திருப்பவரையும் அதே அளவு திரும்பச் சொல்ல மறக்காதீர்கள்.

ஈரத்தோடு சூளையில் வைப்பது

சூளைக்குப் போகும் சிற்பத்தை வெட்டித் திறந்து, உள்கூட்டை எடுத்து, உள்ளே குடைந்து, மீண்டும் ஒட்டி, முழுவதும் உலரவிட வேண்டும். வெடிப்புக்குக் காற்றுக்குமிழியையே எல்லோரும் குறை சொல்கிறார்கள்; பெரும்பாலும் நீராவியாக மாறும் எஞ்சிய ஈரமே காரணம்.

பிளாஸ்டரில் நீரை ஊற்றுவது

கூடாது. அச்செடுக்கப் பிளாஸ்டரைக் குழைக்கும்போது, நீரில்தான் அதைத் தூவ வேண்டும். அதன் துணுக்குகள் மண்தொட்டியில் விழுந்தால், சுட்டு முடித்த சிற்பத்தில்கூடப் பின்னர் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, மேற்பரப்பைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும்.