உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் சேம்பருக்குப் புதிதாக வந்த ஜூனியர் ஒருவர், ஒரு சிவில் வழக்கில் வாதம் முடித்துவிட்டு முகம் வாடித் திரும்பினார். கையில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு வரி உத்தரவு. "சார், உச்ச நீதிமன்றமே உறுதி பண்ணியிருக்குன்னு காட்டினேன். நீதிபதி தாளைத் திருப்பிக் கொடுத்துட்டார்" என்றார். அந்தத் தாளைப் பார்த்ததும் ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முந்தைய என் வழக்குக் கட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. அதே தவறைத்தான் நானும் செய்தேன்.

வழக்கின் பெயரைத் தப்பாக அடிப்பது, பக்க எண் விட்டுப்போவது போன்றவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அவை நாலு வாய்தாவில் தானாகச் சரியாகிவிடும்.

தலைப்புச் செய்தியோடு நின்றுவிடுவது

வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றது. அன்றிலிருந்து "மகளுக்குச் சம பங்கு" என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அக்கா தங்கைகள் வருகிறார்கள். அவர்கள் வருவதில் தப்பில்லை. வந்த அன்றே பாகப்பிரிவினை வழக்குக்குப் பிராது எழுத உட்காரும் ஜூனியர்தான் தப்பு செய்கிறார்.

முதலில் கேட்க வேண்டியவை சில உண்டு. சொத்து பூர்வீகமா, அப்பா சொந்தமாகச் சம்பாதித்ததா? சம்பாதித்தது என்றால் உயில் எழுதியிருக்கிறாரா? 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, சொத்து விற்கப்பட்டிருக்கிறதா? அப்படி முடிந்துபோனவற்றைச் சட்டமே தொடாமல் விட்டிருக்கிறது. ஆனால் "வாய்மொழியாக அப்பவே பிரிச்சுக்கிட்டோம்" என்று அண்ணன் தம்பிகள் சொன்னால் மட்டும் பயந்துவிட வேண்டாம். அரசு ஆவணங்களின் வலுவான ஆதரவு இல்லாமல் அதைப் பொதுவாக ஏற்கக் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. தலைப்புச் செய்தியில் இது எதுவும் வராது.

நான்கு வரித் தள்ளுபடியைத் தீர்ப்பு என்று நம்புவது

இந்தத் தவறு மட்டும் இன்றுவரை எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. ஏனென்றால் இதற்கு விலை கொடுப்பவர் கட்சிக்காரர்.

மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். மூன்றரை ஏக்கர் புஞ்சை. கீழ்க் கோர்ட்டில் ஜெயித்து, உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது மேல்முறையீட்டில் தோற்றோம். டெல்லிக்குப் போனோம். மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டுப் போட்ட சிறப்பு அனுமதி மனு முதல் நாளிலேயே தள்ளுபடி. தலையிட விரும்பவில்லை, மனு தள்ளுபடி செய்யப்படுகிறது, அவ்வளவுதான் உத்தரவு. காரணம் ஒரு வரி கூட இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பெரியவர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். அவருடைய மறைந்த அக்காவின் டிரங்குப் பெட்டியில் அந்த நிலத்தைப் பற்றிய ஒரு பழைய செட்டில்மென்ட் பத்திரம் கிடைத்திருந்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஓரம் செல்லரித்துப் போயிருந்தது. முத்திரை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. "இதை வச்சு ஏதாச்சும் பண்ண முடியுமா தம்பி?" என்று கேட்டார். நான் பத்திரத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு ஐயா. அதுக்கு மேல யாருகிட்ட போக?" என்றேன். அவர் பத்திரத்தைப் பழையபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

நான் சொன்னது சட்டப்படி தவறு. குஞ்ஞயம்மது எதிர் கேரள அரசு என்ற வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் இதை விளக்கிவிட்டது. காரணம் சொல்லாமல் சிறப்பு அனுமதி மனுவைத் தள்ளுபடி செய்தால், மேல்முறையீட்டுக்கு அனுமதி கொடுக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். உயர் நீதிமன்றம் சொன்னது சரி என்று ஆகிவிடாது. அரசமைப்பின் 141-ஆவது பிரிவின்படி எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் சட்டமாகவும் அது ஆகாது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு கலந்துவிடுவதும் இல்லை. மெர்ஜர் என்று கோர்ட்டில் சொல்வோமே, அது நடக்காது. ஆகவே உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு மனு போடும் வழி திறந்தே இருக்கும். உரிய முயற்சி எடுத்தும் முன்பு கிடைக்காத முக்கிய ஆவணம் இப்போது கிடைத்தது என்பது மறுஆய்வுக்குச் சட்டமே சொல்லும் காரணம்.

இதை ஒரு சீனியர் எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அப்புறம் மறுஆய்வு மனுவும், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் போட்டோம். தாமத மனுவே நிற்கவில்லை. பத்திரத்தை நீதிபதி பார்க்கும் கட்டமே வரவில்லை. பார்த்திருந்தால் ஜெயித்திருப்போமா என்று சொல்ல முடியாது. கேட்கும் வாய்ப்பை நான்தான் கெடுத்தேன்.

சரி, எப்படிப் படிப்பது? மூன்று நிலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். காரணம் இல்லாத தள்ளுபடி எந்தச் சட்டத்தையும் சொல்வதில்லை. காரணம் சொல்லித் தள்ளுபடி செய்திருந்தால், அதில் சொன்ன சட்டக் கருத்து கட்டுப்படுத்தும். ஆனால் அங்கும் மெர்ஜர் கிடையாது. அனுமதி கொடுத்து மேல்முறையீடாக மாற்றிய பிறகு தீர்ப்பு எப்படி வந்தாலும் மெர்ஜர் உண்டு, உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வுக்கு இடமில்லை. எதிர்த்தரப்பு 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை எடுத்து நீட்டும். சிறப்பு அனுமதி மனு தோற்ற பிறகு மறுஆய்வுக்குப் போனதைக் கண்டித்த தீர்ப்பு அது. 2019-இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் மூன்று நீதிபதிகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, குஞ்ஞயம்மது வழக்கில் சொன்னதே நிற்கும் என்றார்கள். குஞ்ஞயம்மது, கோடே டிஸ்டில்லரீஸ் இரண்டு தீர்ப்பையும் வழக்குக் கட்டில் வைத்துக்கொண்டு போங்கள்.

"உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது" என்று செய்தி வந்தால், அந்த உத்தரவின் நகலை எடுத்துப் பார்க்காமல் கட்சிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள்.

செத்துப்போன தீர்ப்பைக் காட்டுவது

சிவில், கிரிமினல் வழக்குகளின் விசாரணைக்குக் கொடுத்த தடையாணை ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்று 2018-இல் ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் சொன்னார்கள். 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. இன்னும் அந்த 2018 தீர்ப்பைக் காட்டி விசாரணையை நடத்தக் கேட்கும் மனுக்களைப் பார்க்கிறேன்.

தீர்ப்பைக் கொல்வது இன்னொரு தீர்ப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காசோலை பணமில்லாமல் திரும்பினால், அதைக் கொடுத்தவரின் வங்கிக் கிளை இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று 2014-இல் தசரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் வந்தது. அடுத்த வருடமே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வசூலுக்காகத் தன் கணக்கில் காசோலையைப் போட்டவர், அந்தக் கணக்கு இருக்கும் கிளையின் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று ஆகிவிட்டது.

அமர்வின் எண்ணிக்கையைப் பார்க்காதது

இரண்டு நீதிபதிகள் சொன்னதை வைத்து ஐந்து நீதிபதிகள் சொன்னதை வெல்ல முடியாது.

தலைக்குறிப்பை மேற்கோள் காட்டுவது

தீர்ப்பின் தலையில் அச்சாகும் அந்தச் சுருக்கத்தை எழுதியவர் நீதிபதி அல்ல.

அரசமைப்பின் 142-ஆவது பிரிவில் கொடுத்ததைக் கீழ்க் கோர்ட்டில் கேட்பது

மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை உச்ச நீதிமன்றம் நேரடியாகக் கலைக்கலாம் என்று 2023 மே 1 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். 142-ஆவது பிரிவின் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும். குடும்ப நல நீதிமன்றத்துக்கு இல்லை.

அர்னேஷ் குமார் தீர்ப்பு என்றால் கைதே கிடையாது என்பது

ராத்திரி ஸ்டேஷன் வாசலில் நின்று, "ஏழு வருஷத்துக்குள்ள தண்டனைன்னா பிடிக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு" என்று இன்ஸ்பெக்டரோடு மல்லுக்கட்டும் ஜூனியர்களைப் பார்த்திருக்கிறேன். 2014-இல் வந்த அந்தத் தீர்ப்பு கைதைத் தடை செய்யவில்லை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது இயந்திரத்தனமாக நடக்கக் கூடாது, ஏன் அவசியம் என்று போலீஸ் எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றது. மேஜிஸ்திரேட்டும் அந்தக் காரணங்களைப் பார்த்துத் திருப்தியடையாமல் காவலுக்கு அனுப்பக் கூடாது.

அதனால் உங்கள் வேலை முக்கியமாக ரிமாண்டில். காரணங்கள் எழுதிய தாள் கட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா வழக்குக்கும் ஒரே வாசகத்தை நகல் எடுத்து வைத்திருந்தால் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த நோட்டீஸ் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஏ அல்ல. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 35(3). மனுவில் எண்ணை மாற்றிவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.