நாயை கிளப்ல சேர்க்கணுமா? முதல் நாள் நாயை வீட்லயே விட்டுட்டு போங்க

பாண்டில டாக் ட்ரெயினிங் கிளப்ல சேரணும்னு வர்றவங்க பாதி பேர் ஃபீஸ் எவ்ளோனு மட்டும் போன்ல கேட்டுட்டு, அடுத்த ஞாயித்துக்கிழமையே நாயை ஸ்கூட்டி முன்னாடி நிக்க வெச்சு கூட்டிட்டு வந்துடறாங்க, நானும் அப்படித்தான் போனேன். அன்னிக்கு எங்க டாமி கத்துன கத்துல யாரு என்ன சொன்னாங்கன்னே எனக்கு காதுல விழல. அதனால முதல் தடவை தனியா போய் ஓரமா நின்னு ஒரு கிளாஸ் முழுசா பாருங்க. ட்ரெயினர் பேசறத விட அங்க இருக்கற நாய்ங்களைப் பாருங்க. வாலை காலுக்கு நடுவுல சொருகிக்கிட்டு, காதை பின்னாடி மடக்கிக்கிட்டு, சும்மா சும்மா உதட்டை நக்குதுன்னா அது பயந்து போய் உக்காந்திருக்கு. செயினை வெடுக்குனு இழுக்கறது, முள்ளு காலர் மாட்டறதுனு இருந்தா வண்டியைத் திருப்பிடுங்க.

எடம் புடிச்சிருந்தா அடுத்து ஊசி கார்டு. அதைக் கேக்காம சேர்த்துக்கற கிளப்ல சேராதீங்க, ஏன்னா நாய்க்கு வாந்தி, ரத்த பேதி வர வெக்கற பார்வோ வைரஸ் மண்ணுலயே மாசக்கணக்கா உயிரோட கெடக்கும். குட்டின்னா 6-8 வாரத்துல கூட்டு ஊசி (பல நோய்க்கு சேர்த்து போடற ஒரே ஊசி) ஆரம்பிச்சு 3-4 வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும் போடணும், ரேபீஸ் ஊசி 3 மாசத்துல, அப்புறம் பூஸ்டர். குரும்பாபேட்ல வெட்னரி காலேஜ் இருக்கு, அங்க காட்டலாம். பூச்சி மருந்து, உண்ணி மருந்து ரெண்டையும் முடிச்சுட்டு போங்க. பொட்ட நாய் ஹீட்ல, அதாவது இணை சேர்ற பருவத்துல இருந்தா அந்த கொஞ்ச நாள் லீவு போட்டுடுங்க, இல்லன்னா கிளாஸே நடக்காது.

நாட்டு நாயா இருந்தா சேர்ப்பாங்களானு கூச்சப்படாம கேளுங்க. கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) குடுக்கற ஜாதி நாய் பேப்பர்லாம் டாக் ஷோவுக்கு போறவங்களுக்கு, சிட் ஸ்டே கத்துக்க எதுக்கு? எங்க பேட்ச்ல சீக்கிரமா கத்துக்கிட்டதே முத்தியால்பேட்டைல தெருவுல எடுத்து வளத்த ஒண்ணுதான்.

கையில 6 அடி சாதா லீஷ் போதும், பட்டனை அமுக்குனா நீள்ற ரீல் லீஷ் வேணாம். சொன்னபடி செஞ்சா குடுக்கறதுக்கு வேக வெச்ச கோழி ஈரலை சுண்டல் சைஸுக்கு நறுக்கி டப்பால எடுத்துக்குங்க. காலைல வயிறு முட்ட சோறு போட்டுடாதீங்க, நான் தயிர் சாதம் ஊட்டிட்டு கூட்டிட்டு போனேன், ஈரலை மோந்து கூட பாக்கல.

முதல் ரெண்டு மூணு வாரம் கிரவுண்டுல உங்க நாய்தான் இருக்கறதுலயே மோசமா இருக்கும், மத்தவங்க பாக்கறாங்களேனு இழுத்துட்டு நடுவுல போய் நிக்காதீங்க. மத்த நாயைப் பாத்தும் கையில குடுக்கறத சாப்பிடற தூரம் எதுவோ அதுதான் உங்க எடம். 50 அடி தள்ளின்னாலும் பரவால்ல. ஒவ்வொரு வாரமும் நாலு அடி நாலு அடியா கிட்ட வாங்க, நல்ல ட்ரெயினர் அவரே உங்களை தள்ளி நிக்கச் சொல்லுவாரு. சாப்பிடறதை நிறுத்திடுச்சுன்னா கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம், அப்படியே பின்னாடி போயிடுங்க.

அப்புறம் வார்த்தை. வீட்ல அம்மா "உக்காருடா"ன்றாங்க, பையன் "சிட்"ன்றான், அது யாரு சொல்றதைக் கேக்கும்? எந்த பாஷைன்றது மேட்டரே இல்ல, எங்க தெருவுல ஒரு சொல்தா தாத்தா, பிரெஞ்சு ஆர்மில இருந்தவரு, "அஸ்ஸி"னு பிரெஞ்சுலதான் சொல்லுவாரு, அவரு நாய் டபக்குனு உக்காரும். குடும்பத்தோட ஒரே வார்த்தைனு முடிவு பண்ணிட்டு போங்க. வீட்ல அஞ்சு அஞ்சு நிமிஷமா தினம் ரெண்டு தடவை போதும், ஞாயித்துக்கிழமை மட்டும் பண்ணா அடுத்த வாரம் மறந்துட்டு நிக்கும்.

வெயில் காலத்துல காலைல 7 மணிக்குள்ள முடிக்கற பேட்ச் கேளுங்க. தார் ரோட்டுல புறங்கையை 5 செகண்ட் வெக்க முடியலன்னா நாய் பாதமும் சுடும்.

கொஞ்சம் தேறினதும் சாயங்காலம் 6 மணிக்கு மேல பீச் ரோடு கூட்டிட்டு போங்க, அப்ப வண்டி விடமாட்டாங்க. ஆனா சுண்டல், பலூன், குழந்தைங்க எல்லாம் இருக்கும், காந்தி சிலை பக்கம் போகாம முதல்ல கூட்டம் கம்மியா இருக்கற ஓரத்துல ஒரு நிமிஷம் உக்கார வெச்சுப் பாருங்க. கையில கவர் எடுத்துட்டு போங்க, ஆய் போனா அள்ளணும்ல.