புதுச்சேரிக்குப் போனால் வாய்க்காலுக்கு மேற்கேயும் நடங்கள்

கடலூரிலிருந்து விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் ஓடாது. காந்தி சிலையையும், அதன் அருகே 1836-இல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கத்தையும் பார்த்தபடி நிம்மதியாக நடக்கலாம்.

பெரும்பாலானவர்கள் பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள், அதுதான் தமிழர் பகுதி. வைசியாள் வீதியில் ஒரு வீட்டின் முன் நின்று அண்ணாந்து பாருங்கள். கீழே தாழ்வாரம், மரத்தூண், வழிப்போக்கர் உட்கார்ந்து போகக் கட்டிய திண்ணை. மாடியிலோ பிரெஞ்சு பாணியில் வளைவு ஜன்னல்! இரண்டு ஊர் ஒரே சுவரில் நிற்கிறது. உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், கேட்காமல் திண்ணையில் ஏறிப் படம் எடுக்காதீர்கள்.

அப்புறம், ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில்தான் இருந்தார். இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வீட்டுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதனால் வேறு நாளில் கிளம்புங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம்.