மழையை நம்பிக் கெட்ட லூடிகோலோ

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால்கூட அன்றைக்கே நம் வயலில் தண்ணீர் நிற்காது. கல்லணை தாண்டி, ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று இறங்கி வர வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் இருப்பவனுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் முறைப் பாசனத்தில் முறையே மாறிவிடும். போக்கிமான் எமரால்டு வீடியோ கேமில் நான் முதலில் கட்டிய மழை டீம் (மழையை வைத்துச் சண்டை போடும் போக்கிமான் பிராணிகளின் கூட்டம்) தோற்றதும் இதே கணக்கில்தான்.

எமரால்டு 2004-ல் ஜப்பானில் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்தது. எபிலிட்டி, அதாவது ஒவ்வொரு போக்கிமானுக்கும் இருக்கும் தனிக் குணம் என்ற சங்கதி, அந்தத் தலைமுறை விளையாட்டுகளில்தான் தொடங்கியது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்ப்பதுதான் இதில் சுவையே, ஆனால் பலரும் அதன் பலத்தை மட்டும் கூட்டிப் பார்ப்பார்கள், அதற்கு ஆகும் டர்னை, அதாவது சண்டைச் சுற்றை, கழிக்க மாட்டார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். லூடிகோலோ என்ற போக்கிமானுக்கு ஸ்விஃப்ட் ஸ்விம் எபிலிட்டி இருந்தால் மழையில் வேகம் இரட்டிப்பு. நீர் வகை மூவ்களின் (தாக்குதல்களின்) அடியும் ஒன்றரை மடங்கு. கேட்கவே ஜோராக இருக்கிறது. ஆனால் ரெயின் டான்ஸ் என்ற மூவ் கொண்டுவரும் மழை ஐந்து டர்ன்தான், அதைப் போடும் டர்னும் அதில் அடக்கம். வேறொன்றை விட்டு மழை போட்டு, அப்புறம் லூடிகோலோவை மாற்றிக் கொண்டுவந்தால் அதிலும் ஒரு டர்ன் போச்சு. மீதி மூன்று. எதிரி ஒரு முறை புரொடெக்ட் போட்டு அடியைத் தடுத்தால் இரண்டு. மழை பெய்து முடிந்த பிறகு நாற்று நட்ட கதைதான்.

பக்கத்துக்கு இரண்டு போக்கிமான் நிற்கும் இரட்டைச் சண்டையில் இரண்டையும் ஒன்றாக இறக்கலாமே என்பீர்கள். இறக்கலாம், அதுதான் சரியும்கூட. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: இந்தத் தலைமுறையில் யார் முதலில் என்ற வரிசை டர்ன் தொடங்கும்போதே முடிவாகிவிடும். கூட்டாளி மழையைப் போட்ட அதே டர்னில் லூடிகோலோவுக்கு வேகம் கூடாது, அடிதான் கூடும். வேகம் அடுத்த டர்னில்தான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஐப்பசி மாதம் முழுக்கத் தேவைப்பட்டது. வெளியே நிஜ மழை, உள்ளே கரண்ட் இல்லை, பழைய கேம் பாய் அட்வான்ஸில் இரண்டு பென்சில் பேட்டரி. திரைக்கு விளக்கும் கிடையாது என்பதால் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பேன்.

இன்னொரு தவறு, எந்த எபிலிட்டி என்று பார்க்காமலே வளர்ப்பது. தாமரை இலையைத் தலையில் கவிழ்த்தது மாதிரி இருக்கும், பின்னால் லூடிகோலோவாக மாறும் லோட்டாட் குட்டியிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு ஸ்விஃப்ட் ஸ்விம், மற்றதற்கு மழையில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் ஏற்றும் ரெயின் டிஷ். பிடித்தவுடன் விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பின்னால் மாற்ற இந்த விளையாட்டில் வழியே இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகமாக ஆளைக் கவிழ்ப்பது புதிய தலைமுறை யோசனைகளைப் பழையதில் போடுவது. பெலிப்பர் என்ற போக்கிமான் வந்தாலே மழை வரும் என்று யாராவது சொன்னால் அது பின்னால் வந்த விளையாட்டுகளின் சமாசாரம். எமரால்டில் பெலிப்பருக்கு வெறும் கீன் ஐ எபிலிட்டிதான். வந்தவுடன் மழை கொண்டுவருவது கயோகர் ஒன்றே. அந்த மழைக்கு ஐந்து டர்ன் கணக்கும் இல்லை, வேறு வானிலை வந்து மாற்றும்வரை கொட்டும். அந்த டீமில் கெத்துக்காக ரேக்வாசாவையும் சேர்ப்பவர்கள் உண்டு. அது களத்தில் நிற்கும்வரை அதன் ஏர் லாக் எபிலிட்டி வானிலையின் பலனையே அடைத்துவிடும். ஷட்டரை இறக்கிவிட்டு வாய்க்காலில் தண்ணீர் தேடுவது போல.

அதே வகையில், கைகலப்பா சிறப்புத் தாக்குதலா என்பதை இங்கே தீர்மானிப்பது மூவ் அல்ல, அதன் வகை. டார்க் வகை எல்லாமே சிறப்புத் தாக்குதல் கணக்கு. அப்சாலுக்கு அட்டாக் (கைகலப்பு பலம்) 130, ஸ்பெஷல் அட்டாக் 75. அதற்கு டார்க் வகை மூவான பைட் கற்றுக்கொடுத்துப் பெருமைப்பட்டால் அந்த 130 சும்மா கிடக்கும்.

ஸ்லேக்கிங் என்ற போக்கிமான் தன் எபிலிட்டியால் ஒரு டர்ன் அடித்தால் மறு டர்ன் சோம்பலாகக் கிடக்கும். எபிலிட்டியை மாற்றிக்கொள்ளும் ஸ்கில் ஸ்வாப் மூவை வைத்து அந்தச் சோம்பலைக் கழற்றுவது நல்ல யோசனைதான். ஆனால் கழற்றியது எங்கே போகிறது? மாற்றிக்கொண்ட கூட்டாளியின் தலையில். அதனால் அதற்குப் பின் பெரிய வேலை இல்லாத ஒன்றைத்தான் இதற்கு அனுப்ப வேண்டும். ஸ்லேக்கிங்கை உள்ளே அழைத்தால் பழைய சோம்பல் திரும்பிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஷெடின்ஜாவோடு மணல் புயலைச் சேர்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயிர் ஒன்றே ஒன்று. அதன் வொண்டர் கார்டு எபிலிட்டி அதற்குப் பலவீனமில்லாத வகைகளின் நேரடி அடியைத்தான் தடுக்கும், நாமே கிளப்பிய புழுதியை அல்ல.

மூவ் கற்றுத்தரும் பொருளான டிஎம் இங்கே ஒரு முறை போட்டால் தீர்ந்தது. கடலடிக் குகையில் கிடைக்கும் எர்த்குவேக்கை ஆசைப்பட்டு எதற்காவது போடுவதற்கு முன் சேவ் செய்யுங்கள். போட்டு, பக்கத்தில் நிலநடுக்கம் தொடாத லெவிடேட் எபிலிட்டி உள்ள ஃப்ளைகானை நிறுத்தி நாலு சண்டை பாருங்கள், ஏனென்றால் இரட்டைச் சண்டையில் அது கூட்டாளியையும் உலுக்கும். பிடிக்கவில்லையா, சேவ் செய்யாமல் அணைத்துவிடுங்கள். மறுபடி ஆன் செய்யும்போது கேட்ரிட்ஜுக்கு உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தால் பதற வேண்டாம். அது கடிகாரத்துக்கான பேட்டரி, பெர்ரிச் செடி வளர்வது போன்ற நேரக் கணக்குகள்தான் நின்றுபோகும். சேவ் அப்படியே இருக்கும், டிஎம்மும் பையில் இருக்கும்.